உப்பிய பேட்டரியைக் குத்தாதீர்கள்

மடிக்கணினியின் டச்பேட் ஒருநாள் அழுந்த மறுக்கும். முன்பு விரல் பட்டதும் 'டிக்' என்று இறங்கி எழுந்தது, இப்போது கெட்டித்துப்போய் நிற்கும். உள்ளே தூசி போயிருக்கும் என்று நினைத்து ஊதிப் பார்ப்போம். சில வாரம் கழித்து அடிப்பலகையின் ஒரு மூலை மேசையில் படியாமல் தூக்கி நிற்கும். மூடினால் மேல்பாதியும் கீழ்பாதியும் பொருந்தாது. போனில் இதே சங்கதி வேறு மாதிரி தலைகாட்டும். திரையின் ஓரமாக மெல்லிய கோடாக வெளிச்சம் கசியும். பின்பக்கக் கண்ணாடி ஒரு பக்கம் பெயர்ந்து இடுக்கில் நகம் நுழையும். திரை கீழே இருக்கும்படி மேசையில் வைத்துச் சுண்டிவிட்டால், ஓரங்கள் எதுவும் மேசையில் படாமல் நடுப்பகுதியை அச்சாகக் கொண்டு சுற்றும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே. உள்ளே இருக்கும் லித்தியம் அயனி பேட்டரி உப்பிவிட்டது.

மூன்று நான்கு வருடம் உழைத்த கருவிகளில் இது அபூர்வமான கோளாறு இல்லை. ஆனால் இதைக் கண்டதும் மக்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள், இரண்டுமே தவறு. ஒரு சாரார் 'இப்பவே வெடிச்சிடும்' என்று பதறி, அதைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். இன்னொரு சாரார் 'இன்னும் நல்லாத்தானே ஓடுது' என்று பெயர்ந்த கண்ணாடியை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். உப்பிய பேட்டரி பெரும்பாலும் தானாகத் தீப்பிடிப்பதில்லை. அழுத்தும்போதும், நெம்பும்போதும், குத்தும்போதும், மறுபடி சார்ஜ் ஏற்றும்போதும்தான் அது விபத்தாக மாறும் வாய்ப்பு கூடுகிறது. உப்பிய பிறகு என்ன நடக்கும் என்பது பெருமளவு நம் கையில் இருக்கிறது. ஏன் என்பது அதன் உள்ளமைப்பைப் பார்த்தால் விளங்கும்.

போன் பேட்டரியின் வெளியுறை ஒரு மெல்லிய பை. அலுமினியத் தகட்டின் இருபுறமும் பிளாஸ்டிக் படலம் ஒட்டியது. மொத்தத் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். அதற்குள் நீளமான செப்புத் தகடு ஒன்று, நீளமான அலுமினியத் தகடு ஒன்று, இரண்டும் தொட்டுவிடாமல் நடுவே ஒரு பிளாஸ்டிக் தடுப்புத்தாள். எல்லாவற்றையும் சேர்த்து, பட்டுப்புடவையை மடிப்பது போல மடித்து மடித்துத் தட்டையாக அடுக்கியிருப்பார்கள். செப்பின்மேல் கிராஃபைட் பூச்சு, அது எதிர்முனை. அலுமினியத்தின்மேல் லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடு பூச்சு, அது நேர்முனை. தடுப்புத்தாளின் தடிமன் 10 முதல் 25 மைக்ரான், அதாவது தலைமுடியின் பருமனில் பாதிகூடக் கிடையாது. நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே நிற்கும் ஒரே காவல் அதுதான்.

மடிப்புகள் எல்லாம் மின்பகுளியில் நனைந்திருக்கும். எத்திலீன் கார்பனேட், டைமெத்தில் கார்பனேட் போன்ற கரைப்பான்களில் லித்தியம் ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட் என்ற உப்பைக் கரைத்த திரவம் அது. டைமெத்தில் கார்பனேட்டின் ஆவி சுமார் 17 டிகிரி செல்சியஸிலேயே ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். சமவெளியில் நம் வீட்டு அறைகள் எந்த மாதத்திலும் அதைவிடச் சூடாகவே இருக்கின்றன.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையை விட்டு நீங்கி, மின்பகுளி வழியே நீந்தி, கிராஃபைட்டின் அடுக்குகளுக்கிடையே போய் அமர்கின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. அயனிகள் நுழைய நுழைய கிராஃபைட் சுமார் 10 சதவீதம் பருக்கிறது, வெளியேறினால் சுருங்குகிறது. இந்த மூச்சு எல்லா பேட்டரிக்கும் உண்டு, கண்ணுக்குத் தெரியாது.

இந்த வடிவம் வந்ததே பாதுகாப்பைத் தேடித்தான். 1970-களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் உருவாக்கிய பேட்டரியில் எதிர்முனை உலோக லித்தியம், எளிதில் தீப்பிடிக்கும். 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப் கோபால்ட் ஆக்ஸைடு நேர்முனையைக் கண்டறிந்தார். 1985-ல் ஜப்பானின் அகிரா யோஷினோ உலோக லித்தியத்தை அறவே விலக்கி, அந்த இடத்தில் கார்பனை வைத்தார். பிறகு தன் பேட்டரியின்மேல் கனமான இரும்பைப் போட்டுச் சோதித்தார், ஒன்றும் ஆகவில்லை. உலோக லித்தியம் உள்ள பேட்டரியின்மேல் போட்டபோது அது வெடித்தது. 1991-ல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, வாயு எங்கிருந்து வருகிறது? பேட்டரி தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் முன்பே முதல் வாயு பிறந்துவிடுகிறது. முதன்முறை சார்ஜ் ஏற்றும்போது, கிராஃபைட்டை ஒட்டியிருக்கும் மின்பகுளி அங்குள்ள மின்னழுத்தத்தைத் தாங்காமல் சிதைகிறது. எத்திலீன் கார்பனேட் உடைந்து, ஒரு பங்கு எத்திலீன் வாயுவாகிறது. காய்களைப் பழுக்கவைக்கும் அதே எத்திலீன்தான். இன்னொரு பங்கு கிராஃபைட்டின்மேல் திண்மப் படலமாகப் படிகிறது. அந்தப் படலம் கேடல்ல. லித்தியம் அயனிகளை உள்ளே விடும், மின்பகுளியை மேற்கொண்டு நெருங்கவிடாது. அது இல்லாவிட்டால் பேட்டரி ஒரு வாரம்கூட நிற்காது. தொழிற்சாலையில் இதற்கென்றே பையின் ஒரு பக்கத்தைக் கூடுதலாக நீட்டி வைத்திருப்பார்கள். முதல் சார்ஜில் உண்டாகும் வாயு அந்த நீட்டலில் சேரும். பிறகு வாயுவை வெற்றிட அறையில் உறிஞ்சி எடுத்து, நீட்டலை வெட்டிவிட்டு, பையைச் சூடாக்கி மறுபடி ஒட்டுவார்கள். நாம் கடையில் வாங்குகிற பேட்டரி ஏற்கெனவே ஒருமுறை உப்பி வடிந்தது.

படலம் ஒருமுறை உண்டாகி அப்படியே நின்றுவிட்டால் தொல்லை இல்லை. கிராஃபைட் பருத்துச் சுருங்குவதால் அது விரிசல் விடுகிறது. விரிசலில் புதிய கிராஃபைட் வெளிப்படுகிறது, மின்பகுளி அங்கே போய்ச் சிதைகிறது, இன்னும் கொஞ்சம் படலம் படிகிறது, இன்னும் கொஞ்சம் வாயு சேர்கிறது. நேர்முனையில் வேறொரு வேலை நடக்கிறது. முழு சார்ஜில் கோபால்ட் ஆக்ஸைடு தன் லித்தியத்தில் பாதியையோ அதற்கு மேலோ இழந்து, தொட்டதையெல்லாம் ஆக்சிஜனேற்றம் செய்யும் நிலையில் இருக்கும். மின்பகுளி அங்கே மெல்ல மெல்லக் கார்பன் டைஆக்ஸைடாகவும் கார்பன் மோனாக்ஸைடாகவும் மாறுகிறது. முன்பு 4.2 வோல்ட்டில் நிறுத்திய சார்ஜை இன்று பல போன்களில் 4.4 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றுகிறார்கள். கொள்ளளவு கூடுகிறது, இந்தச் சிதைவும் கூடுகிறது.

மூன்றாவது எதிரி ஈரம். ஒரு சொட்டில் மிகச் சிறு பங்கு தண்ணீர் உள்ளே தப்பி நுழைந்தாலும் லித்தியம் உப்போடு வினைபுரிந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடு உண்டாகும். கண்ணாடியையே அரிக்கும் பொருள் அது, படலங்களை விட்டுவைக்குமா? பேட்டரி ஆலைகளில் கட்டுமான அறையின் ஈரப்பதத்தை 1 சதவீதத்துக்கும் கீழே வைத்திருப்பது இதற்காகத்தான். தரமற்ற ஆலையில் இந்த ஒழுங்கு தளர்ந்தால், விளைவு இரண்டு வருடம் கழித்து வாங்கியவரின் மேசையில் தெரியும்.

மூடிய பைக்குள் சேரும் வாயுவை அளப்பது எளிதல்ல. திறந்தால் பேட்டரி செத்துவிடும். கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில், டல்ஹவுசி பல்கலைக்கழகத்தின் ஜெஃப் டான் குழுவினர் இதற்குக் கையாண்ட வழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்கும். அவர்கள் ஆர்க்கிமிடீஸைத் துணைக்கு அழைத்தார்கள். பேட்டரியைச் சிலிக்கோன் எண்ணெயில் முழுக்கி, நுட்பமான எடைமானியிலிருந்து தொங்கவிட்டார்கள். வாயு சேர்ந்து பை பருத்தால் கூடுதல் எண்ணெய் விலகும், மிதப்பு விசை ஏறும், எடைமானி குறைத்துக் காட்டும். பேட்டரி சார்ஜ் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே, ஒரு மில்லிலிட்டரின் சிறு பங்கு வரை அதன் பருமன் மாற்றத்தை வாசிக்க முடிந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு விதி, 2014-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையில் புதிய கருவியாக வந்து நின்றது.

அதே குழு பிறகு இன்னொன்றையும் கண்டது. முழு சார்ஜில் உள்ள நேர்முனையை மட்டும் தனியாகப் பையிலிட்டுச் சூடாக்கினால் வாயு ஏராளமாக வருகிறது. அதே நேர்முனை கிராஃபைட்டோடு சேர்ந்து முழு பேட்டரியாக இருக்கும்போது அவ்வளவு வருவதில்லை. நேர்முனையில் உண்டாகும் கார்பன் டைஆக்ஸைடு எதிர்முனைக்குப் போய் அங்கே வினைபுரிந்து தீர்ந்துவிடுகிறது. நல்ல நிலையில் உள்ள பேட்டரி தன் வாயுவில் ஒரு பங்கைத் தானே உட்கொள்கிறது. வயிறு வெளியே தள்ளித் தெரிகிறது என்றால், உண்டாவது தீர்வதை முந்திவிட்டது என்று பொருள். அந்த நிலைக்கு வந்தது தானாக வற்றிப் பழையபடி ஆகும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

வாயுவின் அளவு கொஞ்சம்தான். 6 சென்டிமீட்டர் அகலமும் 9 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பேட்டரியை எடுத்துக்கொள்வோம். அதன் முகப்பரப்பு 54 சதுர சென்டிமீட்டர். சராசரியாக 1 மில்லிமீட்டர் உப்ப வேண்டுமென்றால் 5.4 மில்லிலிட்டர் வாயு போதும். ஒரு தேக்கரண்டிக்குச் சற்றே அதிகம். ஆனால் அதன் தள்ளுவிசை சிறியதல்ல. உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடினாலே அந்த முகத்தின்மேல் 54 நியூட்டன் விசை விழும். ஐந்தரை கிலோ எடையை உள்ளிருந்து தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். ஒட்டிய கண்ணாடி பெயர்வதும், டச்பேட் இறுகுவதும், சில மடிக்கணினிகளில் திருகாணி மரையையே பிய்த்துக்கொண்டு வருவதும் இதனால்தான்.

பழைய மடிக்கணினிகளில் இதைப் பார்த்த நினைவு பலருக்கும் இருக்காது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய காலத்தில், பெரும்பாலான மடிக்கணினிகளின் பேட்டரி தாழ்ப்பாளை நகர்த்தினால் கழன்று வரும் கட்டை. அதற்குள் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் உயரமும் உள்ள எஃகு உருளைகள். வாயு அவற்றிலும் உண்டாகும். எஃகு விட்டுக்கொடுக்காது; அழுத்தம் மிகுந்தால் உள்ளே ஒரு தகடு வளைந்து மின்சுற்றைத் துண்டித்துவிடும்; பேட்டரி ஓசையின்றிச் செத்துப்போகும். கருவி மெலிய வேண்டும் என்ற போட்டியில் எஃகு போய்ப் பை வந்தது. பேட்டரியின்மேல் 'லித்தியம் பாலிமர்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து இது வேறு இனம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் கைக்கு வருபவற்றில் பெரும்பாலும் அது பைக்குள் இருக்கும் அதே லித்தியம் அயனிதான். பையில் எனக்கு ஒரு நன்மையும் தெரிகிறது. அது தன் நோயை மறைக்காது.

நோயை வளர்ப்பவை வெப்பமும் முழு சார்ஜும். இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். 10 டிகிரி சூடு ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் பழைய கைக்கணக்கு. ஆப்பிள் நிறுவனம் தன் கருவிகளை 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. கத்திரி வெயிலில் வேலூரிலும் சென்னையிலும் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். மூடிய காரின் டாஷ்போர்டில் வைத்துவிட்டுப் போன போனின் நிலையைச் சொல்லவே வேண்டாம். எனவே குளிர்நாட்டு அட்டவணையில் எழுதிய ஆயுளை நம் ஊரில் அப்படியே எதிர்பார்க்க முடியாது.

2020 பொதுமுடக்கத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியவர்களின் மடிக்கணினிகளை நினைத்துப் பாருங்கள். காலை முதல் இரவு வரை பிளக்கில். எப்போதும் 100 சதவீதம். அடியில் மெத்தை, காற்றுப்போக்கு இல்லை. ஒருமுறைகூட சார்ஜ் தீராத பேட்டரி நெடுங்காலம் உழைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. நேர்மாறானதுதான் உண்மை. பழைய போனை வாசலில் மாட்டிக் கண்காணிப்புக் கேமராவாக்கி வருடக்கணக்கில் சார்ஜரிலேயே விட்டிருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: மாதம் ஒருமுறையாவது இறக்கி, அதன் முதுகைப் பாருங்கள். இன்றைய போன்களிலும் மடிக்கணினிகளிலும் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி பலவற்றில் இருக்கிறது. அமைப்புகளுக்குள் புதைந்து கிடக்கும் அந்த ஒரு பொத்தானைத் தேடி இயக்கிவிட்டால், பேட்டரிக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

இழுப்பறையில் மறந்துபோன கருவியின் கதி வேறு. சார்ஜ் முற்றிலும் வற்றிய பின்னும் பேட்டரி தானாகக் கசிந்து இறங்கிக்கொண்டே போகும். ஓர் எல்லைக்குக் கீழே கிராஃபைட்டின் காப்புப் படலம் குலையும். செப்புத் தகடே மின்பகுளியில் கரையத் தொடங்கும். அப்படிப்பட்டதை எடுத்து மறுபடி சார்ஜ் போட்டால் கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து, தடுப்புத்தாளைத் தாண்டிக் குறுக்குச்சுற்றை உண்டாக்கலாம். எடுத்து வைக்கும் கருவியைப் பாதி சார்ஜில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சர்வீஸ் கடையில் உப்பிய பேட்டரி ஒன்றைக் கழற்றுவதை அருகிலிருந்து பார்த்தேன். ஓர் அம்மா போனை நீட்டி, "தம்பி, ஸ்கிரீன் தானா தூக்கிக்கிச்சுப்பா, பசை போட்டு ஒட்டிக் குடு" என்றார். கடைக்காரர் வாங்கிப் பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தார். "ஸ்கிரீன்ல ஒண்ணுமில்லம்மா. பேட்டரி உப்பிருச்சு."

போனை அணைத்தார். வழக்கமாகத் திரையைப் பெயர்க்கப் பயன்படுத்தும் ஹீட் கன்னைத் தொடவில்லை. பேட்டரி ஏற்கெனவே பாதி பெயர்த்து வைத்திருந்ததால் பிளாஸ்டிக் கார்டு தானாக நுழைந்தது. இணைப்பைக் கழற்றிவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை பேட்டரியின் அடியில் ஓரமாகச் சொட்டு சொட்டாக விட்டார். பசை இளகட்டும் என்று இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருந்தார். பிறகு கார்டை மட்டும் சாய்வாகச் செலுத்தி, பேட்டரி எங்கும் வளையாதபடி மெல்ல விடுவித்தார். வெளியே வந்ததை மூக்கருகே கொண்டுபோகாமல் கையால் காற்றை வீசிப் பார்த்தார். நகப்பூச்சு போல இனிப்பான வாடை வந்தால் பை கசிகிறது என்று அர்த்தம், இதில் வரவில்லை. மேசைக்கடியில் மணல் நிரப்பிய தகர டப்பா இருந்தது. அதற்குள் வைத்தார்.

பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் கேட்டான்: "அண்ணே, குண்டூசியால லேசா குத்திவிட்டா காத்து போயிடும்ல?"

"காத்து மட்டும் போகாது, தம்பி" என்றார்.

அந்தப் பையன் கேட்டதைப் பலர் செய்தே பார்த்திருக்கிறார்கள். சில கடைகளில் குத்தி, வாயுவைப் பிதுக்கி, ஓட்டையின்மேல் டேப் ஒட்டி மறுபடி போனில் பொருத்தித் தருகிறார்கள். இதைவிட ஆபத்தான ரிப்பேர் வேலை இருக்க முடியாது என்பேன். பையின் தடிமன் 0.1 மில்லிமீட்டர், ஊசி அதோடு நிற்காது. அடுத்த மில்லிமீட்டருக்குள்ளேயே செம்பு, தடுப்புத்தாள், அலுமினியம் என்று பல அடுக்குகளைத் துளைத்துவிடும். உலோக ஊசியே பாலமாகி நேர்முனையையும் எதிர்முனையையும் இணைத்துவிடும். 5,000 மில்லியாம்பியர்-மணி, 3.85 வோல்ட் என்றால் முழு சார்ஜில் உள்ள ஆற்றல் 19 வாட்-மணிக்கு மேல், ஏறத்தாழ 69,000 ஜூல். அது ஒரு புள்ளியில் பாயும். சுமார் 130 டிகிரியில் பாலிஎத்திலீன் தடுப்புத்தாள் உருகும். குறுக்குச்சுற்று பரவும். சூடு இன்னும் ஏறினால் கோபால்ட் ஆக்ஸைடு தன் ஆக்சிஜனையே வெளியிடும். பற்றக்கூடிய ஆவியும் ஆக்சிஜனும் சூடும் ஒரே பைக்குள் இருந்தால் தீயை மூடி அணைக்க வழியில்லை. வெளியே வரும் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளூரைடும் கார்பன் மோனாக்ஸைடும் கலந்திருக்கும்.

ஊசி தப்பித்தவறி ஒன்றையும் இணைக்காவிட்டாலும், சென்னையின் ஈரக்காற்று அந்த ஓட்டை வழியே உள்ளே போகும். ஆலையில் 1 சதவீதத்துக்குக் கீழே காத்துவந்த வறட்சி அத்தோடு முடிந்தது. வாயு போய்த் தட்டையானதால் பேட்டரி குணமாகிவிடவில்லை. அதை உண்டாக்கிய வினை உள்ளே தொடர்கிறது, இப்போது துணைக்கு ஈரமும் வந்திருக்கிறது.

வளைப்பதும் குத்துவதற்குச் சளைத்ததல்ல. 2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்கள் தீப்பிடித்து, சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் வெளியான விசாரணை முடிவில், முதல் தொகுதி பேட்டரிகளின் மேல்மூலையில் போதிய இடமில்லாமல் மின்முனைத் தகடுகள் வளைந்திருந்தது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. மாற்றிக் கொடுத்த தொகுதியில் பற்றவைப்பின் கூர்முனைகள். தொழிற்சாலையில் ஒரு மூலை வளைந்ததன் விலை அது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுக்கும்போது வளைவது ஒரு மூலை மட்டுமல்ல.

உங்கள் கருவி உப்பியிருப்பது தெரிந்தால் அணைத்துவிடுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள், மறுபடி செருகாதீர்கள். பெயர்ந்த மூடியை அழுத்தி மூட வேண்டாம். படுக்கையிலோ புத்தக அலமாரியிலோ இல்லாமல், சிமென்ட் தரையிலோ பீங்கான் தட்டிலோ, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். சார்ஜ் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். 'உள்ளே போட்டோ இருக்கே, ஒரே ஒரு தடவை சார்ஜ் போட்டு எடுத்துக்கறேன்.' அந்த ஒரு தடவை வேண்டாம். சர்வீஸ் கடையில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மேசையிலுள்ள மின்வழங்கியிலிருந்து நேரடியாகப் போனுக்கு மின்சாரம் கொடுத்து இயக்க முடியும். பல மடிக்கணினிகளை, பேட்டரியை நீக்கிய பின் அடாப்டரில் ஓட்டலாம், அல்லது சேமிப்பகத்தைத் தனியே எடுத்துப் படிக்கலாம். நினைவுகளைக் காப்பாற்ற பேட்டரி தேவையில்லை.

புகையோ சீறல் ஒலியோ வந்தால் கையில் எடுத்து ஓடாதீர்கள். அருகிலுள்ள துணி, காகிதம் எதையும் தள்ளிவிட நேரமிருந்தால் தள்ளிவிட்டு, அறையை விட்டு வெளியேறி 101-ஐ அழையுங்கள். லித்தியம் என்றாலே தண்ணீர் ஆகாது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது உலோக லித்தியத்துக்குப் பொருந்தும். லித்தியம் அயனி பேட்டரிக்குத் தேவை குளிர்ச்சி. பிளக்கில் இணைக்காத சிறு கருவி என்றால், தொலைவிலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றலாம். அணைந்ததாகத் தோன்றுவது மீண்டும் பற்றக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மாற்று பேட்டரி வாங்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். 'ஒரிஜினல்' என்று அட்டையில் அச்சடிப்பது சுலபம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா, தயாரித்த மாதம் எது என்று பாருங்கள். பழைய மாடல் போனுக்கு வரும் பேட்டரி பல வருடம் கடை அலமாரியில் கிடந்ததாக இருக்கலாம். உறையைக் கிழிக்காதது புதியது ஆகிவிடாது. ஒரே அளவுப் பைக்குள் மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு கொள்ளளவு என்று ஒருவர் எழுதியிருந்தால், அந்த எண்ணை நம்ப வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாட்ட முடிய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வருகிறது. பசையால் ஒட்டிப் புதைத்து வைக்கும் வழக்கம் அதனால் எவ்வளவு மாறுகிறதோ, அவ்வளவு நம் ஊர் சர்வீஸ் மேசைகளுக்கும் நல்லது.

கழற்றிய பேட்டரிக்கும் ஒரு போக்கிடம் வேண்டும். குப்பைத்தொட்டியில் போட்டால் அது குப்பை லாரிக்குள் நசுக்கப்படும். நசுக்குவது என்பது ஆயிரம் ஊசியால் குத்துவதுதான். காயலான் கடையில் போட்டால் செம்புக்காக யாரோ ஒருவர் அதைக் கையால் பிரிப்பார். கூரியரிலும் அனுப்பக்கூடாது, சேதமடைந்த லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் ஏற்றுவதற்குப் பன்னாட்டுத் தடை இருக்கிறது. உப்பிய பவர் பேங்கைப் பையில் போட்டுக்கொண்டு விமான நிலையம் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

2022 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவித்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி வீட்டுக்கு வருவதில்லை. நாம்தான் போக வேண்டியிருக்கிறது. தெருக்கடைகளின் மேசைக்கடியில் அட்டைப்பெட்டி நிறைய உப்பிய பேட்டரிகள் சேர்ந்து கிடப்பதைப் பார்க்கும்போது, இந்த விதி அங்கே வரை இறங்கவில்லையே என்று ஆற்றாமையாக இருக்கிறது. அந்தப் பெட்டியை வாரம் ஒருமுறை வந்து எடுத்துப் போக ஒரு வண்டியும், கடைக்கு ஒரு மணல் டப்பாவும் போதும், பெரிய செலவில்லை.

அது வரும்வரை, முனைகளின்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் பேட்டரியை வைத்து, வெயில் ஏறும் முன் உங்கள் கருவியின் அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போங்கள். கவுன்டரில் நீட்டும்போதே உப்பியது என்று சொல்லுங்கள். வாங்க மறுத்தால், 2022 விதியைச் சொல்லி, மறுப்பை எழுத்தில் தரச்சொல்லிக் கேளுங்கள்.